மஞ்சள் பையில் வைத்த காது

சதீஷ்,

அன்புள்ள மகனுக்கு என்று தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அன்பு எங்கேயும் போய்விடவில்லை. ஆனால் இன்றைக்கு அது முன்னால் வந்து நிற்க மாட்டேன் என்கிறது. கோபம்தான் நிற்கிறது. அதனால் வெறும் பெயரோடு ஆரம்பிக்கிறேன். இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. நீ சனிக்கிழமை சென்னையிலிருந்து திண்டிவனம் வந்து சேரும்வரை, நம் கடை மேஜைமேல் மல்ட்டிமீட்டரைப் பாரமாக வைத்துத் திறந்தபடியே விடுவேன். உன் அம்மா படிக்கட்டும். உன் சித்தப்பா வந்தால் படிக்கட்டும். ரிப்பேருக்குக் கொடுத்த டிவியை வாங்க வருகிறவன் படித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. விழுப்புரத்தில் உன் நிச்சயதார்த்தத்தில் அத்தனை பேருக்கு நடுவில், என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே, என்னைப் பற்றிப் பேசி முடிவெடுத்தீர்கள். நான் மட்டும் எதற்கு உறை ஒட்ட வேண்டும்?

வாயால் சொல்லலாமே என்பாய். எனக்குக் காதுதான் போயிற்று, வாய் போகவில்லை. ஆனால் நான் பேசத் தொடங்கினால் என் சத்தம் எனக்கே தெரியாமல் ஏறிவிடும். உடனே நீ உள்ளங்கையைக் கீழ்நோக்கித் தட்டித் தட்டி, மெதுவாகப் பேசச் சொல்லிச் சைகை காட்டுவாய். எதிர்வீட்டு ஜன்னலை ஒரு பார்வை பார்ப்பாய். அதற்குமேல் எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடும். தாளில் அந்தத் தொல்லை இல்லை. இதில் நான் எவ்வளவு கத்தினாலும் நீ கையைத் தட்ட முடியாது.

முதலில் என் காது போன கதை. அது உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். எனக்கு டி.பி. வந்தது. மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் மாதம் இருமல் நின்றது, உடம்பு தேறியது, கடையில் வேலையும் குவிந்து கிடந்தது. நானே டாக்டர் ஆகி மாத்திரையை நிறுத்திவிட்டேன். அடுத்த வருடம் அது திரும்பி வந்தது. இந்தத் தடவை தினமும் ஊசி. ஊசி நெஞ்சைக் காப்பாற்றியது, காதை எடுத்துக்கொண்டது. முதலில் ஒரு விசில் சத்தம், பிறகு பிக்சர் டியூப் அணைகிற மாதிரி சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியாகி, அதுவும் போயிற்று. காதில் மாட்டுகிற மெஷின் எதுவும் உதவாது, நரம்பே செத்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். உனக்கு அப்போது பதினோரு வயது. டி.பி. என்று சொன்னால் எவனும் கடைக்கு வரமாட்டான் என்று பயந்து, வெளியே எல்லாரிடமும் டைபாய்டு என்று சொல்லிவைத்தேன். மாத்திரையைப் பாதியில் நிறுத்தியது என் முதல் தப்பு. டைபாய்டு என்றது இரண்டாவது. இரண்டையும் நான் ஒத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இனி உன் தப்புகளைச் சொல்லப் போகிறேன்.

பதினாறு வருடமாக நீயும் உன் அம்மாவும் என்னிடம் அதிகமாகச் சொன்ன வார்த்தை எது தெரியுமா? “ஒண்ணுமில்ல.” சாப்பிடும்போது இரண்டு பேரும் குலுங்கிச் சிரிப்பீர்கள். என்ன, என்ன என்று நான் கேட்பேன். உதடு அசைவதை வைத்தே அந்த ஒரு வார்த்தையைப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். “ஒண்ணுமில்லப்பா, அப்பறம் சொல்றேன்.” எந்த அப்புறம்? பதினாறு வருடத்து அப்புறங்களும் எங்கே போயின? உன் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு வேடிக்கையைப் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டுவதற்குள் அதில் வேடிக்கை தீர்ந்துவிடும். அது எனக்கும் தெரியும். ஆனால் நாலு பேர் சிரிக்கிற இடத்தில் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு, தீர்ந்துபோன வேடிக்கை கிடைத்தால்கூடப் போதும்.

நானும் சும்மா இல்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த் தலையாட்டக் கற்றுக்கொண்டேன். எதிரில் இருப்பவன் வாய் அசைந்தால் தலையாட்டுவது, முகம் சிரித்தால் சிரிப்பது, முகம் கோணினால் உச்சுக் கொட்டுவது. இதில் நான் பெரிய ஆள் ஆகிவிட்டேன். புதிதாகக் கடைக்கு வருகிறவனுக்கு ஐந்து நிமிடம் வரைக்கும் எனக்குக் காது கேட்காது என்பதே தெரியாது. அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. நீ ஏழாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் காலை ஸ்கூலுக்குக் கிளம்பும் நேரத்தில் என் முன்னால் வந்து நின்று ஏதோ சொன்னாய். நான் வழக்கம்போலத் தலையாட்டி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஸ்கூல் வாசலில் இறக்கிவிட்டு வந்தேன். “காய்ச்சலா இருக்குப்பா, நான் இன்னிக்குப் போவல” என்று நீ சொல்லியிருக்கிறாய். மத்தியானம் வகுப்பிலேயே மயங்கி விழுந்து, டீச்சர் ஆட்டோவில் போட்டு அனுப்பினார்கள். உன் அம்மா அன்றைக்கு என்னைப் பேசிய பேச்சு எதுவும் எனக்குக் கேட்கவில்லை, ஆனால் எல்லாம் புரிந்தது. அதோடு அந்தத் தலையாட்டலை விட்டிருக்க வேண்டும். விடவில்லை.

அப்படி இருந்த வீட்டில்தான் நீ அந்த யோசனையைக் கொண்டுவந்தாய். விழுப்புரத்தில் இன்ஜினியரிங் கடைசி வருடம். தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாய். ஒரு நாள் கடைக்கு வந்து, போனில் டைப் அடித்து என் மூக்குக்கு நேராக நீட்டினாய். பேச்சைக் கேட்டு எழுத்தாக்குகிற மெஷின் செய்யலாம், அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டால் எதிரில் இருப்பவன் பேசுவது ஓடிக்கொண்டே இருக்கும், ப்ராஜெக்ட்டுக்கு அதையே எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். இந்த மாதிரிக் கண்ணாடி வெளிநாட்டில் விற்கிறார்களாம், நம்மால் வாங்க முடியாதாம். நான் கடையைச் சுற்றிப் பார்த்தேன். முப்பது வருடக் குப்பை. நம்மிடம் இல்லாத சாமானா என்று கேட்டேன். நீ சிரித்தாய். அன்றைக்கு அந்தச் சிரிப்புக்கு எனக்குக் காரணம் தெரிந்திருந்தது.

டிவிக்குப் பின்னால் செருகி இன்டர்நெட்டில் படம் பார்க்கிற பாக்ஸ்கள் நம் கடையில் ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கிடந்தன. ரிமோட் வேலை செய்யவில்லை, படம் நின்று நின்று ஓடுகிறது என்று கொடுத்துவிட்டு, திரும்ப வாங்க வராதவர்களுடையது. அதுவும் ஒரு முழுக் கம்ப்யூட்டர்தான் என்று நீ சொன்னபிறகுதான் எனக்கே புத்தியில் பட்டது. டப்பாவைக் கழற்றினால் உள்ளே உள்ளங்கை அளவு போர்டு. ஏழு போர்டைப் பிரித்து, ஒன்றில் இருந்த நல்ல ஐ.சி.யை இன்னொன்றில் வைத்து, ஓடுகிற மாதிரி இரண்டு தேற்றினேன். கரன்ட்டுக்குச் செத்துப்போன லேப்டாப் பேட்டரிகளை உடைத்தோம். ஒரு பேட்டரியில் ஆறு செல் இருந்தால் இரண்டுதான் செத்திருக்கும், மீதி நான்கும் அநியாயமாகக் குப்பைக்குப் போகும். ஒவ்வொன்றாக மீட்டரில் பார்த்துப் பொறுக்கினோம். மைக்குக்கு யாரோ விட்டுப்போன காலர் மைக். நெட் மட்டும் என் பாக்கெட்டில் இருக்கிற போனிலிருந்து வரும் என்றாய்.

கண்ணில் மாட்டுகிற திரைக்குத்தான் வழியில்லாமல் நின்றோம். அதற்காக விழுப்புரத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்கு அந்தப்பக்கம் இருக்கிற பழைய சாமான் கடைக்கு என்னைக் கூட்டிப்போனாய். அங்கே ஒரு சாக்கு நிறையப் பழைய வீடியோ கேமராக்கள். கேமராக்காரன் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்ப்பானே, அந்தக் குழாய்க்குள் கட்டைவிரல் நகம் அளவு ஒரு டிவி இருக்கும். அசல் டிவி, சின்னப் பிக்சர் டியூப். கடைக்காரர் ஏதோ சொல்லிக் கையை விரித்தார். நீ அதை அப்படியே எனக்கு டைப் அடித்துக் காட்டினாய்.

“கல்யாண வீடியோ எடுக்கிறவன் போட்டுட்டுப் போனது சார். கேசட்டு காலத்துது. ஒண்ணுகூட ஓடாது. இத்த வச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க?”

“எங்க அப்பாவுக்குக் காது பண்ணப் போறோம்” என்று நீ பதில் சொன்னதாக அதற்குக் கீழேயே அடித்திருந்தாய். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சாக்கையே தூக்கிக் கொடுத்துவிட்டார். அந்த ஒரு வரிக்காக உன்னை நான் ஆயுசுக்கும் மன்னிப்பேன் என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது அதில் கொஞ்சம் குறைத்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றே வயர். ஒன்று கரன்ட், ஒன்று எர்த், ஒன்று படம். அந்த பாக்ஸில் பழைய டிவிக்கென்று விட்டிருந்த ஓட்டையிலிருந்து படத்தை எடுத்துக் குழாய்க்குக் கொடுத்தேன். முதலில் வெறும் வெளிச்சம்தான் வந்தது. நீ ப்ரோகிராமில் தப்பு என்று தலையைப் பிய்த்துக்கொண்டாய். எர்த் வயரில் ட்ரை சால்டர், பற்றவைத்தது சரியாக ஒட்டவில்லை என்று நான் சொன்னேன், நீ நம்பவில்லை. திரும்பப் பற்றவைத்ததும் எழுத்து வந்தது. ஓரங்களில் எழுத்து வெட்டுப்பட்டது. பழைய டிவி எல்லாமே படத்தின் ஓரத்தைத் தின்னும், நடுவில் மட்டும் எழுது என்றேன். முதலில் ஹெல்மெட்டில் கட்டிப் பார்த்தோம், கழுத்து வலித்தது. மூக்குக் கண்ணாடியில் கட்டினோம், மூக்கு உரிந்தது. கடைசியில் வெயிலுக்குப் போடுகிற தொப்பியின் முன் மடிப்பில் கம்பி வைத்துக் கட்டி, போர்டையும் பேட்டரியையும் இடுப்பு பெல்ட்டில் மாட்டினோம். பார்க்கப் பூச்சாண்டி மாதிரிதான் இருந்தேன். இருந்தால் என்ன?

முதன்முதலில் அதில் நான் படித்த வரி உன் அம்மாவுடையது. வீட்டுக்குள்ளிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். வாய் அசைந்தது. இரண்டு மூன்று நொடி கழித்து என் இடது கண்ணுக்கு முன்னால் வெள்ளை எழுத்து ஓடியது. “சோறு ஆறிப்போவுது, ரெண்டு பேரும் வாங்க.” நம் பேச்சை அந்த மெஷின் முதலில் கன்னாபின்னாவென்றுதான் எழுதியது. வந்துக்கினு, போய்க்கினு எல்லாவற்றையும் நீ ஒரு மாதம் உட்கார்ந்து அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தாய். நான் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துதான் சோற்றில் கைவைத்தேன். நீ அதைப் பார்க்காத மாதிரி இருந்தாய். அது நல்ல பிள்ளை செய்கிற காரியம்.

அதற்குப் பிறகு திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் கத்துவதைப் படிப்பதற்காகவே போய் நிற்பேன். பத்து வருடமாகக் கடைக்கு வருகிற ஒருவர் எனக்குப் பின்னால் என்னைச் செவிட்டு மெக்கானிக் என்று சொல்வதைப் படித்து, அவரிடமே “ஆமாங்க, செவிட்டு மெக்கானிக்தான், ரிமோட்டை நாளைக்கு வாங்கிக்கோங்க” என்றேன். அந்த ஆளுக்கு வேர்த்துவிட்டது. எல்லாரும் சிரித்து முடித்து மூன்று நொடி கழித்து நான் சிரிப்பேன். அதுவும் எனக்கு வேண்டியிருந்தது. நான் தவறவிட்டதைத் திரும்பப் படிக்கட்டும் என்று, அன்றன்றைக்குப் பேசியது முழுவதும் ஒரு மெமரி கார்டில் ஏறிக்கொள்கிற மாதிரி நீயே ஒரு வழி செய்து கொடுத்தாய். அதையும் ஞாபகம் வைத்துக்கொள்.

உன் காலேஜில் அந்த மெஷினுக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். என்னை மேடையில் ஏற்றி, தொப்பியை மாட்டிவிட்டு, இவர்தான் என் அப்பா, இவருக்குக் காது கேட்காது, இது முழுக்க அப்பா கடைக் குப்பையில் செய்தது என்று மைக்கில் சொன்னாய். உன் வாத்தியார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். போட்டோ எடுத்தார்கள். அந்த போட்டோவை வேலைக்கு எழுதிப்போட்ட கடிதங்களில் எல்லாம் வைத்தாய். வேலையும் கிடைத்தது. நான் இதையெல்லாம் குத்திக்காட்டவில்லை. இல்லை, குத்தித்தான் காட்டுகிறேன். பரிசு வாங்கும்போது என் செவிட்டுக் காது வேண்டியிருந்தது. பெண் வீட்டார் முன்னால் மட்டும் அது கசந்துவிட்டதா?

நிச்சயதார்த்தத்தன்று காலையில் கார் கிளம்பும்போது நான் தொப்பியும் பெல்ட்டுமாக வந்து நின்றேன். நீ போனை நீட்டினாய். “இன்னிக்கு ஒரு நாள் வேணாம்பா. போட்டோ எடுப்பாங்க. நான் கூடவே இருக்கேன், எல்லாம் சொல்றேன்.” நான் தலையாட்டிவிட்டேன். உன் கல்யாணத்தில் எனக்கு ஒரு முறுக்கும் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். தொப்பியைக் கழற்றி வீட்டிலேயே வைத்தேன். ஆனால் போர்டையும் பேட்டரியையும் மைக்கையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். உளவு பார்க்க இல்லை. அதை நீ நம்பாவிட்டால் இந்தக் கடிதத்தை இதோடு நிறுத்திக்கொள். மற்றவர்கள் ஆல்பத்தைப் புரட்டிப் பார்க்கிற மாதிரி, என் மகன் நிச்சயத்தில் யார் யார் என்ன பேசினார்கள், யார் யாரைக் கேலி செய்தார்கள் என்று வீட்டுக்கு வந்து நிதானமாகப் படிக்கலாம் என்று ஆசைப்பட்டேன். பையின் காதில் மைக்கைக் குத்தி, நாற்காலிக்குக் கீழே வைத்தேன். நீ கூடவே இருக்கவில்லை. அதுவும் சகஜம்தான், மாப்பிள்ளைக்கு ஆயிரம் வேலை.

மறுநாள் காலை, நீ சென்னைக்குப் போனபிறகு, கடையைத் திறந்து ஊதுவத்தி ஏற்றிவிட்டு, கார்டைப் பெரிய டிவியில் போட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் டீ. முதல் அரை மணி நேரம் நான் ஆசைப்பட்டது கிடைத்தது. வெல்லப்பாகில் பிடித்த மல்லாட்டை உருண்டை கெட்டியாக இருக்கிறது என்று யாரோ யாரையோ பல்லைக் காட்டச் சொன்னார்கள். தட்டு மாற்றும்போது எந்தத் தட்டு எந்தப்பக்கம் என்று சண்டை. சிரித்துக்கொண்டே படித்தேன். அதற்குப் பிறகு இது வந்தது. யார் பேசியது என்று மெஷின் பெயர் போடாது. ஆனால் பேச்சே ஆளைச் சொல்லிவிடும்.

“கல்யாணத்தன்னிக்குப் பெத்தவங்க மணையில உக்காந்து ஐயர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லணும். தாத்தா பேரு, குலதெய்வம் பேரு எல்லாம் கேப்பாரு. உங்க வீட்டுக்காரரால முடியுங்களா?” இது உன் மாமனார், உன் அம்மாவிடம் கேட்டது.

“அப்பாவுக்கு இன்னாங்க கேக்கப் போவுது. சித்தப்பாவும் சித்தியும் உக்காந்துக்கட்டும். ஜல்தியா முடிஞ்சிடும்.”

அந்தக் கூடத்தில் என்னை அப்பா என்று சொல்ல ஒருவன்தான் இருந்தான்.

“அவுரு கண்ணுல ஏதோ மாட்டிக்கினு வருவாராமே?”

“வேணாம்னு சொல்லிட்டேங்க. போட்டோல நல்லா இருக்காது.”

“காது எப்படிங்க போச்சு? பரம்பரையா?”

“இல்லல்ல. சின்ன வயசுல தீபாவளி பட்டாசு வெடிச்சி.”

“மாமாகிட்ட யாராவது கேட்டீங்களா?” இது பவித்ரா. உனக்கு வரப்போகிற பெண்.

“அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரும்மா. பாவம், அவரை எதுக்குப் பேஜார் பண்ணிக்கினு.” இது உன் அம்மா.

டீ ஆறிப்போயிற்று. நான் எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கினேன். டேய், யாருக்குப் பதில் யார் உட்காருவது? அப்பன் செத்துப்போயிருந்தால் சித்தப்பனும் சித்தியும் மணையில் உட்காருவார்கள். அப்பன் ஓடிப்போயிருந்தால் உட்காருவார்கள். நான் குத்துக்கல்லாக முன்வரிசையில் இருக்கும்போது எனக்குப் பதில் ஆள் வைப்பது எந்த ஊர் வழக்கம்? நான் இறங்கினால் உன் அம்மாவும் இறங்கவேண்டும், அது உனக்கு உறைத்ததா? ஜோடியாகத்தான் உட்காரமுடியும். உன்னைப் பெற்றவள், கழுத்தில் தாலியோடு, கீழே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, தன் மகன் சித்தியின் காலைக் கழுவுவதைப் பார்க்கவேண்டும். அவள் அதற்கும் சரி என்றிருக்கிறாள், என்னைத் தனியாகக் கீழே உட்கார வைக்க மனசில்லாமல். அவள்மேலும் எனக்குக் கோபம்தான். அதை அவளிடம் நேரில் காட்டிவிட்டேன். இரண்டு நாள் ரசத்தில் உப்பு இல்லை.

அந்தக் கோபத்தில் ஒரு காரியம் செய்தேன். கட்டரை எடுத்து, கண்ணுக் குழாய்க்குப் போகிற மூன்று வயரையும் ஒரே வெட்டாக வெட்டினேன். இந்தச் சனியன் இல்லாதவரை எனக்கு ஒன்றும் தெரியாமல் நிம்மதியாக இருந்தேனே என்று தோன்றியது. பிறகுதான் மீதியையும் படிக்கலாம் என்று டிவி பக்கம் திரும்பினேன். படிக்காமலே இருந்திருக்கலாம். உன் சித்தப்பா பேசியது இருந்தது.

“அண்ணே, மணையில நாங்க உக்காந்துக்கட்டா? உனக்குச் சரிதானே?… பாருங்க, அண்ணன் தலையாட்டிட்டாரு. அவ்ளோதான், முடிஞ்சிது. எல்லாரும் சாப்பிடப் போலாம் வாங்க.”

எனக்கு அந்த நேரம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவன் குனிந்து என் தோள்மேல் கைவைத்தான். வாய் அசைந்தது. சுற்றி எல்லாரும் என்னையே பார்த்துச் சிரித்த முகமாக இருந்தார்கள். அவன் என்ன கேட்டான் என்று எனக்குத் தெரியாது. தெரியவேண்டும் என்றுகூட நினைக்கவில்லை. சிரித்தேன். ஆட்டினேன். என் மகன் கல்யாணத்தில் என் இடத்தை, என் மனைவியின் இடத்தை, நானே தலையாட்டிக் கொடுத்துவிட்டு எல்லாரோடும் சாப்பிடப் போனேன். இரண்டாவது தடவை பாயசம் வேறு வாங்கிக் குடித்தேன். ஷட்டருக்குள் உட்கார்ந்து என்னை நானே திட்டிக்கொண்ட வார்த்தைகளை இதில் எழுதமுடியாது, உன் அம்மா படிப்பாள்.

ஆகவே என் பங்கு தப்பு இருக்கிறது. ஆனால் அதைச் சாக்காக வைத்து நீ தப்பிக்கக் கூடாது. நான் எதற்கும் தலையாட்டுவேன் என்று அங்கே இருந்த எல்லாரையும்விட உனக்குத்தான் தெரியும். காய்ச்சலோடு ஸ்கூலுக்குப் போய் விழுந்தவன் நீ. சித்தப்பாவை நிறுத்தி, என் முன்னால் போனை நீட்டி ஒரு வரி அடித்திருக்கலாம். நீ அடிக்கவில்லை. ஏனென்றால் அந்தத் தலையாட்டல் அப்போது உனக்குச் சௌகரியமாக இருந்தது.

இனி நீ செய்யவேண்டியதைக் கேள். உன் மாமனாரிடம் போய், பட்டாசு இல்லை, டி.பி. என்று சொல். குணமாகிவிட்டது, பாதியில் மாத்திரையை நிறுத்திய முட்டாள்தனத்தால் ஊசி போடவேண்டி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல். பொய்யைத் தொடங்கிவைத்தவன் நான், அதனால் வேண்டுமானால் நானும் கூட வருகிறேன். பவித்ராவிடம் ஆயுசுக்கும் ஒரு வார்த்தையைச் சொல்லாதே. அவள் என்ன என்று கேட்டால் ஒண்ணுமில்ல என்று சொல்லாதே. அலுப்பாக இருந்தால் அலுப்பாக இருக்கிறது என்று சொல், சண்டை என்றால் சண்டை போடு. காது கேட்கிற ஆளையும் அந்த ஒரு வார்த்தையால் செவிடாக்கிவிடலாம். அத்தனை பேரில் என்னைக் கேட்கவேண்டும் என்று நினைத்தவள் அவள்தான். அவளை நீ பாவம் என்று சொல்லி ஓரத்தில் உட்கார வைத்தால் நான் அவள் பக்கம் நிற்பேன், இப்போதே சொல்லிவைக்கிறேன்.

வெட்டிய வயரை நாலு நாளைக்கு முன்னால் திரும்பப் பற்றவைத்தேன். ஒரு வயருக்கு மூன்று தடவை ஆயிற்று. பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு பனமலைக்கு நம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனேன், மணைக்குப் பக்கத்தில் நின்று பார்க்கத்தான். உன் மாமனார் சொன்னது பாதி சரி. ஐயர் மந்திரம் சொன்னால் மெஷின் உளறுகிறது. கத்தரிக்காய், கலெக்டர் ஆபீஸ் என்றெல்லாம் எழுதுகிறது. ஆனால் நடுநடுவே அவர் தமிழில் சொல்வதைச் சரியாக எழுதுகிறது. அரிசியை எடுங்க, தர்ப்பையைப் பிடிங்க, தாத்தா பேரு சொல்லுங்க. பந்தி முடிந்ததும் அந்த ஐயரையே பிடித்து, நான் திருப்பிச் சொல்லவேண்டியதை முழுக்கத் தமிழ் எழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டேன். “நான் வெரலைத் தூக்கினா ஆரம்பிங்க, மடக்கினா நிறுத்துங்க, வேற ஒண்ணும் வேணாம்” என்றார். உங்கள் கல்யாணத்துக்கும் அவரையே வரச்சொல்லி, உன் மாமனாருக்கும் போனில் எழுதி அனுப்பிவிட்டேன். ஐயர் எழுதிக்கொடுத்தது மூன்று பக்கம். ஒன்றரைப் பக்கம் மனப்பாடம் ஆகிவிட்டது. ரிமோட்டைக் கழற்றும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், கடைக்கு வருகிறவர்கள் பயப்படுகிறார்கள். அப்புறம் ஒன்று, உன் சித்தப்பாவிடம் எங்கள் பாட்டனாருடைய அப்பா பெயர் என்ன என்று கேட்டுப் பார். அவனுக்குத் தெரியாது. நேற்று என்னிடம்தான் மெசேஜ் போட்டுக் கேட்கிறான்.

அவனிடம் நான் எதுவும் சொல்லப் போவதில்லை. நீ உட்கார வைத்தவனை நீதான் எழுப்பவேண்டும். சனிக்கிழமை வந்ததும் முதல் வேலை அதுதான். எழுப்ப உனக்கு வாய் வரவில்லை என்றால் இப்போதே சொல்லிவிடு. நானும் உன் அம்மாவும் கல்யாணத்தன்றைக்குக் கடையைத் திறந்துவைத்துக்கொண்டு திண்டிவனத்திலேயே இருந்துவிடுகிறோம், முன்வரிசை நாற்காலியை வேறு யாருக்காவது கொடு.

எழுப்பிவிட்டாய் என்றால், நாங்கள் மணையில் இருப்போம். தொப்பி, குழாய், பெல்ட், வயர் எல்லாம் இருக்கும், எல்லா போட்டோவிலும் விழும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஞாபகம் இருப்பது உன் பதினோரு வயதுக் குரல். அதற்குப் பிறகு உன் குரல் உடைந்து, மீசை முளைத்து, ஆளாகி, மைக்கில் பேசிப் பரிசு வாங்கி, ஒரு பெண்ணின் கையைப் பிடிக்கப் போகிறாய். அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, எந்தப் போர்டும் அதைக் காட்டாது. வார்த்தைதான் எனக்கு வரும். பாத பூஜையில் நீ குனிந்து எங்கள் காலைக் கழுவும்போது உன் உதடும் எனக்குத் தெரியாது. ஏதாவது சொல்லவேண்டும் என்று அப்போது உனக்குத் தோன்றினால், வாய்க்குள் முணுமுணுக்காதே. சத்தமாகச் சொல். படித்துக்கொள்கிறேன்.

உன் அப்பா